உயிர்க் காலேஜும் கட்டுரைப் பாடமும்

சென்னை நகரத்து எளிய மக்கள் ஒரு காலத்தில் இரண்டு கல்லூரிகளை அறிந்திருந்தனர். ஒன்று செத்த காலேஜ். மற்றொன்று உயிர்க் காலேஜ். முன்னது எழும்பூர் அருங்காட்சியகம். பின்னது விலங்குக் காட்சிசாலை. அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் என்னும் மருத்துவர் 1855ஆம் ஆண்டில் அதன் வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளையும் வைத்துக் காட்டத் தொடங்கினார். பாடம் செய்த உடலைக் காண வந்தவர்கள் பக்கத்திலேயே உறுமும் உடலையும் கண்டனர். இரட்டைப் பெயர் பிறந்தது. காட்சிசாலை பின்னர் நகரத்துப் பூங்காவொன்றுக்கு மாறி, 1985இல் வண்டலூருக்குப் பெயர்ந்து, இன்று அறிஞர் அண்ணாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கல்லூரி வாயிலை மிதித்தறியாத மக்கள் இட்ட பெயர் அது. நகையாட்டாக இட்டனரோ, மதிப்புடன் இட்டனரோ, அங்கே கற்பதற்கு ஏதோ உண்டு என்னும் எண்ணம் அப்பெயருக்குள் இருக்கிறது.

அக்கல்லூரியில் நம் பிள்ளைகள் கற்பது யாது? இவ்வினா தமிழாசிரியர்க்கு உரியதன்று, அறிவியல் ஆசிரியர்க்கு உரியது என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின், பிள்ளைகள் அங்கே கற்றதைக் காட்டும் சான்று தமிழாசிரியரின் மேசைமீதுதான் ஆண்டுதோறும் வந்து குவிகிறது. 'விலங்குக் காட்சிசாலைக்குச் சென்ற அனுபவம்' என்னும் கட்டுரையே அச்சான்று. அதனையும், அது பிறந்த இடத்தையும் சேர்த்து ஆராய்தல் வேண்டும்.

ஜொகூர் மாநிலத்தில் இவ்வாராய்ச்சிக்கு இடம் தேடி அலைய வேண்டுவதில்லை. ஜொகூர் பாருவில் அரண்மனையை அடுத்துள்ள காட்சிசாலை, தென்கிழக்காசியாவின் மிகப் பழையவற்றுள் ஒன்று. சுல்தான் இப்ராஹிம் 1928இல் அதனை நிறுவினார். அவர் புலி வேட்டையில் பெரும்பெயர் பெற்றவர். வேட்டைக்காரரே காட்சிசாலை அமைத்தார் என்பது முரணாகத் தோன்றலாம். உலகின் பழைய காட்சிசாலைகளின் வரலாற்றைப் பார்த்தால் முரண் ஒன்றுமில்லை. 1752இல் தோன்றிய வியன்னா நகரத்து ஷோன்புருன் காட்சிசாலையும் அரண்மனைத் தோட்டத்தில் அரசரின் விருந்தினர் கண்டு மகிழ அமைந்ததே. காட்டை வென்றவனுக்குக் கூண்டு ஒரு வெற்றிச் சின்னம். 1962இல் ஜொகூர்க் காட்சிசாலை மாநில அரசின் பொறுப்பில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நோய்ப்பரவல் தொடங்கிய 2020இல் மூடப்பட்டு, சீரமைப்புக்குப் பின் 2023இல் மீண்டும் திறக்கப்பட்டது.

கடலிடுக்கைக் கடந்தால் இன்னொரு 1928 உண்டு. சிங்கப்பூரில் வாழ்ந்த இந்திய வழியினரான சோமா பசப்பா என்பவர், தம் சொந்தச் செலவில் வளர்த்துவந்த விலங்குகளை அவ்வாண்டில் பொங்கோல் கடற்கரைக்குக் கொண்டுசென்று காட்சிசாலை நடத்தினார். 1942இல் ஜப்பானியர் வருகையை எதிர்நோக்கிய பிரிட்டிஷ் படை அந்நிலத்தைக் கேட்டது. ஒரே நாளில் அத்தனை உயிர்களையும் எங்கே கொண்டுசெல்வது? பறவைகள் திறந்துவிடப்பட்டன, கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. அடுத்த ஆண்டே பசப்பாவும் மறைந்தார். கூண்டில் உள்ள உயிர், உடையவரின் நற்காலத்தை நம்பி வாழ்கிறது என்பதற்கு இதனைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனிக் கட்டுரைக்கு வருவோம். அதன் அமைப்பை அறியாத ஆசிரியர் இல்லை. விடியற்காலையில் எழுந்து குளித்தல், பேருந்து புறப்படுதல், வழியெல்லாம் பாட்டு, நுழைவாயிலில் தலைமையாசிரியரின் அறிவுரை. பிறகு காட்டரசனாகிய சிங்கம் கர்ச்சித்தல், யானை துதிக்கையை ஆட்டுதல், குரங்குகளின் சேட்டையைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தல். உணவுப் பொட்டலம், களைப்பு, மறக்கமுடியாத நாள். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பின்னரும் இக்கட்டுரை ஓயவில்லை. மாதிரிக் கட்டுரைத் தொகுப்புகள் இருக்கும்வரை அது ஓயாது.

இக்கட்டுரையில் எழுத்துப்பிழை இருப்பதில்லை. சந்தி மிகுந்தும் மிகாமலும் உரிய இடத்தில் நிற்கிறது. மரபுத்தொடர் இரண்டும் பழமொழி ஒன்றும் பொருந்தி வருகின்றன. மதிப்பெண் குறைப்பதற்கு இடமில்லை. ஆயினும் ஒரு குறை உண்டு: விலங்குக் காட்சிசாலைக்குச் செல்லாமலே இதனை எழுதிவிடலாம். சென்று வந்தவனும் செல்லாதவனும் ஒரே கட்டுரையை எழுதுகின்றனர் என்றால் அந்தப் பயணத்தின் பயன் யாது?

இன்னும் அணுகிப் பார்த்தால், கட்டுரையில் விலங்குகளே இல்லை. சிங்கம் கர்ச்சிக்கும் என்பது பாடநூல் சொன்னது. நண்பகல் வெயிலில் பள்ளிப்பிள்ளைகள் காணும் சிங்கம் பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கும். சிங்கம் ஒரு நாளின் பெரும்பொழுதை உறங்கியே கழிக்கும் விலங்கு. கண்முன் உறங்கியதைக் கர்ச்சித்ததாக எழுதும் பிள்ளை பொய் சொல்லவில்லை. கண்ணைவிட ஏட்டை நம்பும்படி அது பழக்கப்பட்டிருக்கிறது. சிங்கம் காட்டரசன் என்பதும் அத்தகையதே. அதன் வாழிடம் பெரும்பாலும் புல்வெளியும் புதர்க்காடும். மலாயாக் காட்டில் சிங்கம் என்றுமே இருந்ததில்லை. இந்நாட்டுக் காட்டின் முதல்வன் புலி. மலாயாப் புலியைத் தனி உள்ளினம் என 2004இல் அறிவியலார் வகுத்தனர். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பு, காட்டில் எஞ்சியவை 150க்கும் குறைவு என்று கண்டது. நாட்டுச் சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்கின்றன. கட்டுரையிலோ சிங்கம்தான் முதலில் வருகிறது.

குரங்குகளின் சேட்டை என்பதும் ஆராயத்தக்கது. இச்சொற்றொடர் பிள்ளைக்குக் கற்பிப்பது என்ன? குரங்கு நம்மைச் சிரிக்கவைக்கப் பிறந்தது என்பதை. இப்பாடத்தை முற்றக் கற்றவர்கள் செய்யக்கூடியது யாது என்பதை 2011ஆம் ஆண்டில் உலகச் செய்தித்தாள்கள் எல்லாம் ஜொகூரிலிருந்து எடுத்தெழுதின. மாநில அரசு நடத்திய காட்சிசாலையில் ஷர்லி என்ற பெயருடைய ஒராங் ஊத்தான் ஒன்று இருந்தது. பார்வையாளர் சிலர் எரியும் சிகரெட்டை அதன் கூண்டுக்குள் வீசினர். அது மனிதரைப் பார்த்துப் புகைக்கக் கற்றுக்கொண்டது. அதனைக் காண மேலும் பலர் வந்தனர்; மேலும் சிகரெட்டுகள் வீசப்பட்டன. அவ்வாண்டு செப்டம்பரில் வனவிலங்குத் துறையாகிய பெர்ஹிலித்தான், வேறு சில விலங்குகளுடன் அதனை அங்கிருந்து அகற்றி மலாக்காவுக்குக் கொண்டுசென்றது. அங்கே அதற்குப் புகை கொடுக்கப்படவில்லை.

இந்நிகழ்ச்சியைக் கூறும்போது நிர்வாகத்தைக் குறைகூறி முடித்துவிடுவது வழக்கம். நிர்வாகத்தின் பங்கு மறுக்கத்தக்கதன்று. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் 2012இல் வந்த காட்சிசாலை விதிகளும் நடத்துவோரின் கடமையை வரையறுத்தன. இவை இன்னும் முன்னரே வந்திருக்க வேண்டியவை. ஆயின் சிகரெட்டை வீசிய கை நிர்வாகத்தின் கையன்று. அது பள்ளியில் படித்த ஒருவரின் கை. அவரும் சிறுவயதில் ஒருமுறை பேருந்தில் சென்று, குரங்கைக் கண்டு சிரித்து, எந்த மொழியிலோ ஒரு கட்டுரை எழுதியவராகத்தான் இருப்பார்.

ஒராங் ஊத்தானைப் பற்றிச் சொல்ல வேறு செய்தியா இல்லை? அப்பெயரே மலாயில் காட்டு மனிதன் என்று பொருள்படும். போர்னியோவிலும் சுமாத்திராவிலும் மட்டுமே வாழ்வது. சுமாத்திராவின் தப்பானுலி வட்டாரத்தில் உள்ளவை தனியினம் என 2017இல்தான் கண்டறியப்பட்டது. அதன் தாய் ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் இடையே ஏழெட்டு ஆண்டுகள் இடைவெளி விடுகிறது. எந்தப் பழம் எப்பொழுது பழுக்கும், எந்தக் கிளை தாங்கும், படுக்கையை எவ்வாறு பின்னுவது என்பதையெல்லாம் அப்பிள்ளை தாயிடம் கற்கிறது. கற்கும் பருவம் அவ்வளவு நீண்டது. ஷர்லி சிகரெட்டைக் கற்றுக்கொண்டதற்கும் அந்தக் கற்கும் திறனே காரணம். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள்.

தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்களை வகுத்த முறை தமிழாசிரியர் அறிந்ததே. புலிக்குக் குருளை, யானைக்குக் கன்று. அத்துடன் யானைக்குக் குழவி என்னும் பெயரையும் அவர் தருகிறார். குரங்கின் இளமைக்கு மகவு, பிள்ளை என்னும் பெயர்களும் உண்டு. மக்களுக்கு உரியவை என அவர் கூறும் இரண்டு பெயர்களும் குழவி, மகவு என்பனவே. யானையுடனும் குரங்குடனும் நாம் பங்கிட்டுக்கொண்ட பெயர்கள் அவை. இதனை இலக்கணமாக மட்டும் கற்பித்து, மரபுப்பெயர் அட்டவணையாக மனப்பாடம் செய்வித்துவிட்டோம். உற்றுப் பார்த்தவன் இட்ட பெயர்கள் இவை. யானைத்தாய் தன் கன்றை நான்கு கால்களுக்கிடையே வைத்துக் காப்பதை நின்று பார்த்தவனுக்கே குழவி என்ற சொல் வாய்க்கும். சத்திமுத்தப் புலவர் நாரையின் அலகுக்குப் பனங்கிழங்கை உவமை கண்டாரே, அது வீட்டுக்குள் அமர்ந்து கண்டதன்று. பசியும் குளிருமாய்க் கிடந்த நிலையிலும் அவர் கண் பறவையின் அலகில் தங்கியிருக்கிறது.

இவ்வளவும் கல்வியைப் பற்றியது. காட்சிசாலைகள் தமக்கு இன்னொரு பணியும் உண்டு என்கின்றன: அழியும் உயிர்களைக் காத்தல். இதனைச் சிலர் முழுப்புரட்டு என்பர்; வேறு சிலர் காட்சிசாலை இல்லையேல் விலங்கினமே இல்லை என்பர். இரண்டும் மிகைக் கூற்று. அரேபிய ஓரிக்ஸ் என்னும் மான் 1972இல் காட்டிலிருந்து முற்றும் மறைந்தது. அதற்கு முன்னரே அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரக் காட்சிசாலை முதலியவற்றில் சேர்த்து வளர்த்த சிறு மந்தையின் வழிவந்தவையே 1982இல் ஓமான் பாலையில் மீண்டும் விடப்பட்டன. நம் நாட்டுத் தேசிய விலங்குக் காட்சிசாலையும் 1987 முதல் பால்வண்ண நாரைகளை இனப்பெருக்கம் செய்வித்துச் சிலாங்கூர், பேராக் கரையோரங்களில் விட்டிருக்கிறது. அங்கேயும் ஒரு சிக்கல். காட்சிசாலைகளிலிருந்து வெளியே பறந்துபோன சங்குவளை நாரைகள் அந்தப் பால்வண்ண நாரைகளோடு கலந்து கலப்பினம் தோன்றிவிட்டது. காக்கும் கையே கலக்கும் கையாகவும் ஆகிறது.

இவற்றையெல்லாம்விட ஜொகூர் மக்கள் கருத்தூன்றிப் படிக்க வேண்டியது காண்டாமிருகத்தின் கதை. ஜொகூருக்கும் பகாங்குக்கும் இடையே விரிந்த எண்டாவ் ரொம்பின் காடு, தீபகற்பத்தில் சுமாத்திராக் காண்டாமிருகத்தின் முதன்மையான வாழிடங்களுள் ஒன்றாகக் கருதப்பட்டது. 1977இல் அங்கே மரம் வெட்ட உரிமம் வழங்கப்பட்டபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. மலாயா இயற்கைக் கழகம் 1985, 1986ஆம் ஆண்டுகளில் பெரும் ஆய்வுப் பயணம் ஒன்றை நடத்தி அக்காட்டின் செல்வத்தை உலகறியச் செய்தது. ஜொகூர்ப் பகுதி 1993இல் தேசியப் பூங்காவாயிற்று. காடு பிழைத்தது. காண்டாமிருகம் பிழைக்கவில்லை.

காட்டில் அதனைக் காக்க இயலாதென அஞ்சியவர்கள் 1984 முதல் சில ஆண்டுகளில் சுமாத்திரா, தீபகற்ப மலேசியா, சபா ஆகிய இடங்களிலிருந்து நாற்பது காண்டாமிருகங்களைப் பிடித்து, பல நாட்டுக் காட்சிசாலைகளிலும் காப்பகங்களிலும் வைத்தனர். இனம் பெருகும் என்று எதிர்பார்த்தனர். ஆண்டுகள் கழிந்தன, இனம் பெருகவில்லை, பிடித்தவை ஒன்றன்பின் ஒன்றாக மாண்டன. காரணங்களுள் ஒன்று வியப்பூட்டும் அளவுக்கு எளியது: உணவு. வைக்கோலையும் தீவனத்தையும் கொடுத்து வைத்திருந்தனர். காட்டில் அது இலைதழை உண்ணும் விலங்கு. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரக் காட்சிசாலையில் இபு என்ற ஆண் சாகும் தறுவாயில் கிடந்தபோது, அத்தியினத்து மர இலைகளை வருவித்துக் கொடுத்தனர். அது எழுந்து உண்டது. அவ்விலைகள் விமானத்தில் வந்தன. எண்டாவ் ரொம்பின் காட்டில் அவ்வினத்து மரங்களுக்குக் குறைவில்லை.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. பெண் காண்டாமிருகம் இணை சேர்ந்த பின்னரே கருமுட்டையை வெளிவிடும் என்பதை சின்சினாட்டி ஆய்வாளர் கண்டறிவதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிட்டன. எமி என்ற பெண் ஐந்து முறை கருச்சிதைவுற்றது. ஆறாம் முறை மருந்து கொடுத்துக் கருவைக் காத்தனர். 2001 செப்டம்பர் 13ஆம் நாள் அண்டாலாஸ் பிறந்தது. மனிதர் காவலில் அவ்வினம் கருவுற்று ஈன்றது 112 ஆண்டுகளுக்குப் பின் அதுவே முதன்முறை.

அந்த 112 ஆண்டுகளுக்கு முன், 1889இல், பிறந்த இடம் எது? கல்கத்தாவின் அலிப்பூர் காட்சிசாலை. அதன் பொறுப்பில் இருந்தவர் ராம் பிரம்ம சன்யால் என்னும் வங்காளி. சாதாரணப் பணியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக உயர்ந்தவர். தாம் வளர்த்த விலங்குகள் ஒவ்வொன்றும் என்ன உண்டது, எப்பொழுது ஈன்றது, எந்நோயால் வருந்தியது என்று குறித்துவைத்து, 1892இல் கூண்டு விலங்குகளின் பராமரிப்பைப் பற்றிய கையேடாக வெளியிட்டார். அக்காலத்து ஐரோப்பியக் காட்சிசாலைகளிலும் அதற்கு நிகரான நூல் அரிது. பெரிய பணமும் பெரிய ஆய்வகமும் இல்லாத இடத்தில், நாள்தோறும் பார்த்து எழுதிய ஒருவரின் காலத்தில் நிகழ்ந்தது, நூறாண்டுக்குப் பின் நாற்பது விலங்குகளைப் பிடித்து வைத்தவர்களுக்கு நெடுங்காலம் கைகூடவில்லை. சன்யாலின் காலத்தில் நல்லூழும் துணைநின்றிருக்கலாம், அதனை மறுப்பதற்கில்லை.

மலேசியாவின் முடிவு துயரமானது. சிலாங்கூரில் சுங்கை டூசுன் காப்பகத்தில் வைத்திருந்த காண்டாமிருகங்களில் ஐந்து, 2003ஆம் ஆண்டின் இறுதியில் சில வாரங்களுக்குள் மாண்டுபோயின. ஈக்களால் பரவும் ஒட்டுண்ணி நோய் காரணம் என்று கருதப்பட்டது. 2015இல் மலேசியக் காடுகளில் அவ்வினம் அற்றுப்போயிற்று என்று ஆய்வாளர் முடிவுசெய்தனர். சபாவில் காவலில் இருந்த கடைசி ஆண் தாம் 2019 மே மாதத்தில் இறந்தது. கடைசிப் பெண் இமான் அவ்வாண்டு நவம்பர் 23ஆம் நாள் இறந்தது. இப்போது எஞ்சியவை இந்தோனேசியாவில் மட்டுமே. ஐம்பதுக்கும் குறைவாக இருக்கலாம் என்பது மதிப்பீடு. சின்சினாட்டியில் பிறந்த அண்டாலாஸ் 2007இல் சுமாத்திராவின் வாய் கம்பாஸ் காப்பகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 2012இலும் 2016இலும் 2022இலும் தந்தையாயிற்று. அதன் மகளும் 2023இல் ஈன்றது. ஆகவே, அந்த முயற்சி முழுதும் வீண் என்று சொல்வார் கூற்று ஏற்கத்தக்கதன்று. கற்பதற்குக் கொடுத்த விலை மிகப் பெரிது என்று வேண்டுமானால் கூறலாம். அவ்விலையை நாற்பது விலங்குகளும் ஒரு நாட்டின் காண்டாமிருக இனமும் கொடுத்தன.

இதிலிருந்து ஜொகூர் பாருவில் உள்ளது போன்ற சிறு நகரக் காட்சிசாலைக்குப் பெறப்படுவது என்ன? நகரின் நடுவே சில எக்டேர் நிலத்தில் புலியினத்தைக் காத்துவிட முடியாது. புலியைக் காப்பது எண்டாவ் ரொம்பினிலும் தாமான் நெகாராவிலும் நடக்க வேண்டிய வேலை. கண்ணி அறுப்பவர்களும் காவலர்களும் செய்யும் வேலை. நகரக் காட்சிசாலை தன்னைக் காப்பகம் என்று விளம்பரப்படுத்திக்கொள்வதைவிட, கல்லூரி என்ற பழம்பெயருக்கு உரியதாகலாம். யானையும் சிங்கமும் அதற்கு இன்றியமையாதவையல்ல. இரண்டு கிலோ எடையுள்ள சருகுமான் போதும். மலாய்க் கதைகளில் முதலையையும் புலியையும் ஏமாற்றும் சாங் காஞ்சில் அதுதான் என்று தெரிந்தும், நேரில் கண்டிராத பிள்ளைகள் பலர். தாபிர் போதும். அதன் பாதி கறுப்பும் பாதி வெள்ளையும் நிலவொளியில் உடலை இரண்டாகப் பிளந்து காட்டி மறைக்கும் என்பதையும், அதன் கன்று தர்ப்பூசணிபோல வரியும் புள்ளியுமாய்ப் பிறக்கும் என்பதையும் ஒரு மணி நேரம் சொல்லலாம். சாலையில் அடிபட்டுக் கிடக்கும் தாபிர் ஜொகூர்ப் பிள்ளைகளுக்குச் செய்தித்தாளில் தெரிந்த விலங்கு.

சொல்லுவார் வேண்டும் என்பதே இங்கு முதன்மை. லண்டன் விலங்குக் காட்சிசாலைக்கு வந்த ஏறத்தாழ 2,800 பள்ளி மாணவரிடம் எரிக் ஜென்சன் என்னும் ஆய்வாளர் ஓர் ஆய்வு நடத்தி 2014இல் வெளியிட்டார். முறை எளியது. பார்ப்பதற்கு முன் ஒரு விலங்கை அதன் வாழிடத்துடன் வரையச் சொன்னார். பார்த்த பின் மீண்டும் வரையச் சொன்னார். காட்சிசாலையின் ஆசிரியர் உடன் சென்று விளக்கிய மாணவருள் 41 விழுக்காட்டினரிடம் வளர்ச்சி தெரிந்தது. தாமாகச் சுற்றியவருள் 34 விழுக்காடு. சிலர் பார்த்த பின் முன்பைவிடத் தவறாக வரைந்தனர் என்பதும் அவ்வாய்வில் உண்டு. பாதிக்கு மேற்பட்டோர் எவ்வழியிலும் வளரவில்லை என்று இதனைப் படிப்பவரும் உளர். அவர் படிப்பதும் சரியே. இத்தனைக்கும் அது 1828இல் அறிவியலுக்கென்றே தொடங்கிய காட்சிசாலை.

நம் பள்ளிகளுக்கு இம்முறை முற்றும் பொருந்தும். செலவில்லை, ஒரு தாளும் ஒரு பென்சிலும் போதும். பிள்ளைகளை இருபது கூண்டுகளுக்கு விரைந்து இழுத்துச்செல்வதை விடுத்து, ஒரு குழுவை ஒரு கூண்டின்முன் அரைமணி நேரம் உட்காரவைத்தால் என்ன? அது எங்கே பார்க்கிறது, எதை முகர்கிறது, எத்தனை முறை அதே வழியில் நடந்து திரும்புகிறது என்று எழுதட்டும். ஒரே தடத்தில் ஓயாது நடக்கும் விலங்கைக் கண்டால், அது சலிப்பின் அடையாளம் என்பதைப் பிள்ளையே உணரும். கூண்டு போதாது என்பதையும் எழுதும். அக்கட்டுரையில் காட்சிசாலையைப் பற்றிய குறைகூறலும் வரலாம். வந்தால் அதற்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது.

இதற்கு ஆசிரியர் தரப்பில் எழும் மறுப்பும் நேர்மையானதே. தோட்டத்துப் பிள்ளைக்கு ஆண்டில் ஒருநாள் கிடைப்பது இந்தச் சுற்றுலா. அன்றும் தாளைக் கொடுத்து உட்காரவைத்தால் அதன் மகிழ்ச்சி என்னாவது? பேருந்துக் கட்டணமும் நுழைவுக் கட்டணமும் சேர்ந்து பெற்றோரின் கையைக் கடிக்கின்றன. கொடுத்த பணத்துக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று அவர்கள் எண்ணுவதில் தவறில்லை. மாணவர் தொகை குறைந்து வரும் சிறு பள்ளிகளில் பேருந்தை நிரப்புவதே பாடு. இவற்றை நகரத்திலிருந்து அறிவுரை கூறுவோர் எண்ணிப்பார்ப்பதில்லை. ஆயினும் அந்த ஒரே நாள் இவ்வளவு அரிதாக இருப்பதால்தான், அதனைச் செல்லாமலே எழுதத்தக்க ஒரு கட்டுரைக்காகச் செலவிடுவது பொறுக்கத்தக்கதன்று. அரைமணி நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் பாட்டுக்கும் உணவுப் பொட்டலத்துக்கும் இருக்கத்தானே செய்கிறது.

தோட்டத்துப் பிள்ளைக்கு நகரத்துப் பிள்ளைக்கு இல்லாத ஒரு பேறு உண்டு என்பதையும் பலர் மறந்துவிடுகின்றனர். செம்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்கக் கூகைகளுக்குப் பெட்டி கட்டி வைத்திருக்கின்றனர். மாலையில் அப்பெட்டியின் அடியில் நின்றால் கூகை வெளியேறுவதைக் காணலாம். அது கக்கிப்போட்ட உருண்டைகளைப் பிரித்தால் எலியின் மண்டையோடு முழுதாகக் கிடைக்கும். எந்தக் காட்சிசாலையும் தராத பாடம் அது. கூகைக்கோழியார் என்று ஒரு சங்கப் புலவரே உண்டு என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். குளுவாங், கோத்தா திங்கி வட்டாரத் தோட்டங்களில் யானை இளங்கன்றுகளை, அதாவது செம்பனைக் கன்றுகளை, பிடுங்கித் தின்றுவிட்டுச் செல்லும் தடம் விடியற்காலையில் தெரியும். அந்த யானை கூண்டில் துதிக்கை ஆட்டும் யானையன்று. அதற்கு அஞ்சித் தந்தை வேலைக்குச் செல்லத் தயங்கிய நாளைப் பிள்ளை அறியும். அதனைப் பற்றி எழுதச் சொன்னால் ஒரு பிள்ளையின் கட்டுரை மற்றதைப்போல இராது.

கட்டுரைத் தலைப்பை மாற்றுவது தொடக்கத்துக்குப் போதும். 'விலங்குக் காட்சிசாலைக்குச் சென்ற அனுபவம்' என்பதை விடுத்து, 'நான் அரைமணி நேரம் பார்த்த விலங்கு' என்று கொடுக்கலாம். காட்சிசாலைக்குச் செல்லாத பிள்ளை லயத்துக் கூரையில் உள்ள பல்லியைப் பார்த்து எழுதட்டும். மேல்வகுப்புக்கு இன்னொன்று: காண்டாமிருகம் மரபியலில் இல்லை, வாய் கம்பாஸில் 2023இல் பிறந்ததைக் கன்று என்பதா, குட்டி என்பதா, யானைக்குக் கொடுத்ததுபோலக் குழவி என்பதா? விடையைக் காரணத்துடன் எழுதச் சொல்ல வேண்டும்.